பெப்பர்மின்ட் பார்க் செய்யவிருக்கும் பெற்றோர்களுக்கு

ஓரிகன் மாநிலத்தின் ஹில்ஸ்பரோ, பீவர்டன் வட்டாரத் தமிழ்ப் பெற்றோர்களே,

இந்த டிசம்பரில் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கும் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களுக்கும் பரிசு அட்டை வாங்கிக் கொடுப்பதை விட்டு, எல்லோரும் சேர்ந்து பெப்பர்மின்ட் பார்க் செய்து கொடுப்பதென்று முடிவாகியிருக்கிறது. கேட்டதும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பிள்ளைகளை அடுக்களையில் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய பண்டம் இது. கொடுப்பவர் கைபட்டது என்று வாங்குபவருக்குத் தெரியும். ஆனால் வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல் சுற்றுக்கு வந்தபோது அதில் ‘ஒயிட் கேண்டி மெல்ட்ஸ், பெரிய பை’ என்று ஒரு வரி இருந்தது. பக்கத்திலேயே ‘உருக்கி ஊற்றினால் போதும், வேறு வேலை இல்லை’ என்று குறிப்பு. அந்த வரியை அடித்துவிட்டு ‘கொக்கோ வெண்ணெய் உள்ள வெள்ளைச் சாக்லேட்’ என்று எழுதுங்கள் எனக் கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். ஏன் என்பதையும், அப்படி மாற்றினால் கூடுகிற வேலையை எப்படிச் சமாளிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊருக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பார்க் என்பது டார்க் சாக்லேட் ஓர் அடுக்கு, அதன்மேல் வெள்ளைச் சாக்லேட் ஓர் அடுக்கு, அதற்கும் மேல் நொறுக்கிய கேண்டி கேன் (வளைந்த தடி வடிவப் பெப்பர்மின்ட் மிட்டாய்). இறுகியதும் கத்தி வைத்து வெட்டாமல் கையாலேயே கோணல்மாணலாக உடைப்பார்கள். முட்டை இல்லை, மாவு இல்லை, ஓவன் வேண்டாம். வில்லியம்ஸ் சொனோமா நிறுவனம் 1998இல் இதைத் தன் கடைகளில் விற்கத் தொடங்கியது. இன்று கிறிஸ்துமஸ் நெருங்கினால் இது இல்லாத அமெரிக்கக் கடை அபூர்வம். பெயர் பெற்ற கடைகளில் ஒரு பவுண்டு டின் முப்பது டாலரைத் தாண்டுகிறது. வீட்டில் செய்தால் அதில் பாதிக்கும் குறைவான செலவில், அதைவிட நல்லதாகவே செய்யலாம். கடைக்காரர்களிடம் இருக்கும் பொருள்தான் நமக்கும் கிடைக்கிறது.

வாசனைக்கான சில சொட்டுப் பெப்பர்மின்ட் எண்ணெயைத் தவிர்த்தால் பொருள் மூன்றே மூன்று. அதில் ஒன்று சுமாராக இருந்தால் மற்ற இரண்டாலும் அதை மறைக்க முடியாது. இதில் ஏலக்காயும் முந்திரியும் வந்து காப்பாற்றப் போவதில்லை.

இந்தப் பண்டத்தின் சுவை எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இனிப்பு எல்லா மிட்டாயிலும் உண்டு. பார்க்கின் தனிச்சுவை அதன் குளிர்ச்சி. பெப்பர்மின்ட்டில் உள்ள மென்தால் வாயை உண்மையில் குளிரவைப்பதில்லை. குளிர்ச்சியை உணர நம் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்றொரு புரதம் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது திறந்துகொள்ளும். மென்தால் பட்டாலும் அப்படியே திறந்துகொள்ளும். சூடு ஒரு டிகிரிகூட இறங்காமலே, வாய் குளிர்ந்துவிட்டதென்று மூளைக்குச் செய்தி போய்விடுகிறது. டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியன் இருவரின் ஆய்வகங்களும் 2002இல் தனித்தனியே இதைக் கண்டறிந்தன. சூட்டையும் தொடுகையையும் உடல் எப்படி உணர்கிறது என்று விளக்கியதற்காக 2021இல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

கொக்கோ வெண்ணெயின் குளிர்ச்சி வேறு வகை. சரியான பதத்தில் இறுகிய கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகும். அதாவது அறையில் கெட்டியாக இருந்து, உடம்புச் சூட்டுக்குச் சற்று முன்னால் மொத்தமாகக் கரைந்துபோகும். கரைவதற்கு வேண்டிய வெப்பத்தை நாக்கிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இது மெய்யான குளிர்ச்சி. நல்ல பார்க்கை வாயில் போட்டால் உணர்வில் தோன்றும் குளிர்ச்சியும் நிஜமாகவே நடக்கும் குளிர்ச்சியும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. அதற்குள் கேண்டி கேன் ‘நறுக்’ என்று உடைகிறது. இந்தச் சேர்க்கையை முதலில் யோசித்தவர் யாராக இருந்தாலும் நாக்கை நன்றாக அறிந்தவர்.

கேண்டி மெல்ட்ஸில் கொக்கோ வெண்ணெய் கிடையாது. சர்க்கரை, பால்தூள், பாம் கெர்னல் எண்ணெய் போன்ற கெட்டிப்படுத்திய தாவரக் கொழுப்பு, வனிலா வாசனை, இவ்வளவுதான். உருக்கி ஊற்றினால் தானே இறுகும் என்பது உண்மை. அதற்காகவே அந்தக் கொழுப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் வாயில் அது ஒரேயடியாகக் கரையாது. அண்ணத்தில் மெழுகுப் படலம் போல ஒட்டிக்கொண்டு நிற்கும். புதினாவின் குளிர்ச்சி அந்தப் படலத்தை நீக்காமல் இன்னும் இறுக்கிக் காட்டும். வேறு இனிப்பில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாமல் போகலாம், பார்க்கில் தப்பாது.

அடையாளம் காண்பது எளிது. ‘ஒயிட் சாக்லேட்’ என்ற பெயரை இந்த நாட்டில் இஷ்டத்துக்குப் போட முடியாது. உணவு மருந்து நிர்வாகம் 2002இல் அறிவித்து 2004 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி, அந்தப் பெயரில் விற்பதில் குறைந்தது 20 சதவீதம் கொக்கோ கொழுப்பும் 14 சதவீதம் பால் திடப்பொருளும் இருக்க வேண்டும்; சர்க்கரை 55 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே பையின் முன்பக்கத்தில் ‘ஒயிட் சிப்ஸ்’, ‘ஒயிட் பேக்கிங் சிப்ஸ்’, ‘வனிலா சிப்ஸ்’, ‘ஆல்மண்ட் பார்க்’ என்றெல்லாம் எழுதி, சாக்லேட் என்ற சொல்லை மட்டும் தவிர்த்திருந்தால் காரணம் அதுதான். பின்பக்கம் திருப்பி, சேர்மானப் பட்டியலில் கொக்கோ வெண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிறுவனம் இரண்டு வகையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விற்பதுண்டு. பெயரையும் நிறத்தையும் நம்பி எடுக்க வேண்டாம். சிப்ஸைவிடக் கட்டியாக வரும் பார் நல்லது. சூட்டில் உருவம் குலையாமல் நிற்க வேண்டும் என்பதற்காகச் சிப்ஸில் கொழுப்பைக் குறைத்திருப்பார்கள். அதனால் உருக்கினாலும் தளர்வாக ஓடாது.

விலை கூடத்தான் செய்யும். மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டு நாடுகளிலிருந்து மட்டுமே உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் வருகிறது. அங்கே தவறிய மழையும், மரங்களைத் தாக்கும் தண்டு வீக்க நச்சுயிரியும், வயதான தோப்புகளும் சேர்ந்து விளைச்சலைக் குறைத்ததில், 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் ஒரு டன் கொக்கோ 12,000 டாலரைத் தாண்டியது. பிறகு இறங்கினாலும், அந்த இடைவெளியில் பல மிட்டாய்களில் கொக்கோ வெண்ணெய் சத்தமில்லாமல் குறைந்து மாற்றுக் கொழுப்பு ஏறிவிட்டது. நம்மிடம் பணம் குறைவாக இருந்தால் அளவைக் குறைத்துக்கொள்வோம். ஆளுக்கு அரைப் பவுண்டு சுமாரான மிட்டாய் கொடுப்பதைவிட நூறு கிராம் நல்லதாகக் கொடுப்பது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

கொக்கோவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு மையம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, அந்த இரண்டு நாடுகளின் கொக்கோத் தோட்டங்களில் 15 லட்சத்து 60 ஆயிரம் சிறுவர் சிறுமியர் குழந்தைத் தொழிலாளராக இருப்பதாக மதிப்பிட்டது. கத்தி பிடித்துக் காய் உடைப்பதும் பூச்சிமருந்து தெளித்த இடத்தில் வேலை செய்வதும் அதில் அடக்கம். நம் பிள்ளைகளை உட்காரவைத்து மிட்டாய் நொறுக்கச் சொல்லப் போகிறோம்; அவர்கள் வயதுப் பிள்ளைகள் பறித்த கொக்கோவாக அது இருக்க வேண்டாம். ஃபேர் டிரேடு முத்திரை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முத்திரை உள்ளதும் இல்லாததும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, இருப்பதை எடுங்கள்.

பெப்பர்மின்ட் விஷயத்தில் நாம் அதிர்ஷ்டசாலிகள். அது விளைகிற மண்ணிலேயே இருக்கிறோம். மாநிலத் தலைநகர் சேலத்தைத் தாண்டி வில்லமெட் பள்ளத்தாக்கில் தெற்கே போனால், ஆல்பனி, ஜங்ஷன் சிட்டிப் பக்கத்து வயல்களில் பெப்பர்மின்ட் பயிரிடுகிறார்கள். கோடையில், பூக்கும் தருணத்தில் அறுத்து, வயலிலேயே வாடவிட்டு, பிறகு துண்டாக்கி மூடிய பெரிய வண்டித் தொட்டிகளில் அள்ளிப் போடுகிறார்கள். அந்தத் தொட்டிக்குள்ளேயே நீராவியைச் செலுத்தி எண்ணெய் வடிக்கிறார்கள். ஆவி குளிர்ந்து தண்ணீரும் எண்ணெயுமாக வரும். எண்ணெய் மேலே மிதக்கும். ஓர் ஏக்கர் வயலுக்கு நாற்பது கிலோ சுற்றில்தான் எண்ணெய் தேறும். வடிக்கிற நாள்களில் அந்தச் சாலையில் காரின் சன்னலை இறக்கிவிட்டுப் போக வேண்டும், அப்படி ஒரு வாசனை.

இந்தச் செடியின் கதை நம் பேச்சுக்கு நேரடியாகத் தொடர்புடையது. பெப்பர்மின்ட் ஒரு கலப்பினம். தண்ணீர்ப் புதினாவும் ஸ்பியர்மின்ட்டும் கலந்து உண்டானது. விதை பிடிக்காது. ஒவ்வொரு வயலும் பழைய வயலின் வேர்க்கொடியிலிருந்து வந்ததுதான். லண்டனுக்கு அருகே மிச்சம் என்ற ஊரில் 18ஆம் நூற்றாண்டிலேயே இது பெரிய சாகுபடி. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், ஈரி கால்வாய்க் கரையிலிருந்த லயன்ஸ் என்ற சிற்றூர் முதலில் பெயர் வாங்கியது. அந்தக் காலத்தில் பெப்பர்மின்ட் எண்ணெயில் கலப்படம் மலிந்திருந்தது. டர்பன்டைனைக்கூடக் கலந்து விற்றார்கள். லயன்ஸ் வியாபாரி ஹைரம் ஹாட்ச்கிஸ் 1839இல் தொழிலில் இறங்கி, சுத்தமான எண்ணெயைத் தன் பெயரும் முத்திரையும் இட்ட நீலக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1851இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியில் அதற்குப் பதக்கம் கிடைத்தது. அவருக்குப் பின் மிச்சிகனில், கலமசூ ஊரின் ஆல்பர்ட் டாட், எண்ணெயைத் திரும்ப வடித்துத் தூய்மைப்படுத்தும் முறைகளைக் கொண்டுவந்து ‘பெப்பர்மின்ட் அரசர்’ என்றே பெயரெடுத்தார். ஒரு தவணை நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அப்புறம் மிச்சிகன் மண்ணில் வெர்ட்டிசிலியம் என்ற பூஞ்சை பரவிச் செடிகள் வாடத் தொடங்க, சாகுபடி ஓரிகன், வாஷிங்டன், ஐடஹோ பக்கம் நகர்ந்தது. விதையில்லாத செடியை இனக்கலப்பு செய்து மேம்படுத்த வழியில்லாததால், டாட் நிறுவனம் வேர்க்கொடிகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, நோய் தாங்கும் ஒன்றைத் தேடிப் பிடித்து 1970களின் தொடக்கத்தில் வெளியிட்டது. ஒரு சொட்டு நல்ல எண்ணெய்க்குப் பின்னால் இவ்வளவு பேருடைய பிடிவாதம் இருக்கிறது. நாம் அதை மெழுகுக் கொழுப்பில் கொட்டக்கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது இந்த விவசாயிகளுக்குக் காலம் கடினமானது. மென்தால் வேண்டியவர்கள் பலரும் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி வட்டாரத்தில் விளையும் ஜப்பானியப் புதினாவிலிருந்து வடித்ததை வாங்குகிறார்கள், அது மலிவு. பற்பசைக்கும் தைலத்துக்கும் அது போதும். பார்க்குக்கு வாசனை முக்கியம் என்பதால், புட்டியில் ‘மென்தா பைப்பரிட்டா’ என்ற தாவரப் பெயரும், உண்ணத் தகுந்தது என்ற குறிப்பும் இருக்கிற எண்ணெயைப் பார்த்து வாங்குங்கள். வாசனைச் சிகிச்சைக்கென்று விற்பது வேண்டாம்.

எண்ணெய் என்று சொல்வதில் ஒரு கவனம். மளிகைக் கடையில் சுலபமாகக் கிடைப்பது பெப்பர்மின்ட் எக்ஸ்ட்ராக்ட். அது ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்தது. உருகிய சாக்லேட்டில் சிறிது தண்ணீர் பட்டாலும் அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தமும் சட்டென்று மணல் கட்டியாகிவிடும். எண்ணெய் கொழுப்பில் கரைந்துவிடும், எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் காரம் அதிகம். சாக்லேட்டில் எட்டுச் சொட்டில் தொடங்கி, ருசி பார்த்து, வேண்டுமானால் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். இந்த ஒரு வேலையைப் பெரியவர்கள் மட்டும் செய்யட்டும். விரலில் பட்டு அந்த விரல் கண்ணுக்குப் போனால் பிள்ளை துடித்துவிடும்.

இனி செய்முறை. பார்ச்மென்ட் தாள் விரித்த ஒன்பதுக்குப் பதின்மூன்று அங்குல ட்ரே ஒன்றுக்கு: டார்க் சாக்லேட் 340 கிராம், வெள்ளைச் சாக்லேட் 340 கிராம், நடுத்தரக் கேண்டி கேன் எட்டு. டார்க் 60 சதவீதம் சுற்றி இருக்கட்டும். வெள்ளையும் மிட்டாயும் தருகிற இனிப்பே தாராளம், அடியில் கொஞ்சம் கசப்பு வேண்டும். பெப்பர்மின்ட் எண்ணெயை வெள்ளை அடுக்கில் மட்டும் சேர்ப்பது என் வழக்கம். இரண்டிலும் சேர்க்கச் சொல்லும் செய்முறைகள் உண்டு. அப்படிச் செய்தால் கொக்கோவின் குரலே கேட்காமல் போகிறது.

வேலை கூடுகிறது என்றேனே, அது முழுக்கப் பதம் பார்ப்பதில்தான் இருக்கிறது. மைசூர்பாகுக்கும் அதிரசத்துக்கும் பாகின் பதம் பார்த்த கைகள் இவை. இதற்கு ஏன் தயங்க வேண்டும்? பாகில் கம்பியும் உருட்டும் பார்க்கிறோம், சாக்லேட்டில் சூட்டைப் பார்க்க வேண்டும். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகமாக இறுகக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வகை மட்டுமே பளபளப்பாக, உடைத்தால் சத்தம் வருவதாக, 34 டிகிரியில் கரைவதாக இருக்கும். சும்மா உருக்கி ஊற்றினால் மற்ற வகைகள் கலந்து இறுகும். மறுநாளோ அதற்கு மறுநாளோ சாம்பல் பூத்து, கையில் எடுத்தாலே ஒட்டும். ‘சாக்லேட் வைத்துச் செய்தேன், சரியாக வரவில்லை’ என்று கேண்டி மெல்ட்ஸுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் நடப்பது இது. பொருளில் குறையில்லை, பதம் தவறியிருக்கிறது.

சரியான படிகத்தை உண்டாக்கச் சுலபமான வழி, ஏற்கெனவே அந்தப் படிகமாக இருப்பதையே உறைமோராக இடுவது. கடையிலிருந்து வரும் பளபளப்பான பார் நல்ல பதத்தில் இருப்பதுதான். அதை நறுக்கிக் கால் பங்கை எடுத்து வையுங்கள். மீதி முக்கால் பங்கை மைக்ரோவேவில் இருபது இருபது நொடியாக, ஒவ்வொரு தடவையும் கிளறி உருக்குங்கள். டார்க் 45 முதல் 48 டிகிரி வரை போகலாம். வெள்ளையில் பால் இருப்பதால் 43ஐத் தாண்டவிடாதீர்கள், அடிப்பிடித்துத் திரிந்துவிடும். பிறகு எடுத்துவைத்த துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நிதானமாகக் கிளறிக்கொண்டே இருங்கள். டார்க் 31, 32 டிகிரிக்கு வரவேண்டும். வெள்ளை 28, 29க்கு. உங்கள் வீட்டுத் தெர்மாமீட்டர் ஃபாரன்ஹீட் காட்டினால், டார்க்குக்கு 88 முதல் 90, வெள்ளைக்கு 82 முதல் 84. கத்தி முனையில் சிறிது தடவி வைத்துப் பாருங்கள். நாலைந்து நிமிடத்தில் கோடு விழாமல் பளபளவென்று இறுகினால் ஊற்றலாம். இறுகாமல் ஈரமாகவே நின்றால் இன்னும் இரண்டு துண்டு போட்டுக் கிளறுங்கள். இதற்கு மேல் இதில் எந்த வித்தையும் இல்லை. பத்து நிமிடப் பொறுமையும் பதினைந்து டாலர் தெர்மாமீட்டரும் போதும்.

கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் கிண்ணத்தை வைத்து உருக்கும் பழக்கம் உள்ளவர்கள் கிண்ணத்தின் அடியைத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். அன்றைக்கு அதே அடுக்களையில் இட்லி வேகக்கூடாது, குக்கர் விசிலடிக்கக்கூடாது. ஆவி சாக்லேட்டுக்கும் ஆகாது, மிட்டாய்க்கும் ஆகாது. தாளிப்பும் வேண்டாம். கொக்கோ வெண்ணெய் அருகிலிருக்கும் வாசனையைப் பிடித்துக்கொள்ளும் குணமுள்ளது; பெருங்காயத்தையும் விடாது. காலையில் சமையலை முடித்து, சன்னலைத் திறந்துவைத்துக் காற்றாடவிட்டு, மதியத்துக்கு மேல் தொடங்குவது உத்தமம்.

அடுக்குகள் ஒட்டுவதில்தான் பெரும்பாலான வீடுகளில் ஏமாற்றம். உடைக்கும்போது வெள்ளை தனியாகவும் கறுப்பு தனியாகவும் பிரிந்து வந்துவிடும். காரணம், கீழடுக்கைக் குளிர்பெட்டியில் வைத்து முழுக்க இறுகவிட்டு, பிறகு மேலடுக்கை ஊற்றுவது. சாக்லேட் இறுகும்போது சுருங்கும். சுருங்கி முடிந்த மேற்பரப்பில் புதியது பிடிக்காது. டார்க் அடுக்கின் ஈரப்பளபளப்பு மங்கி, விரல் வைத்தால் ஒட்டாமல் ஆனால் இன்னும் இளக்கமாக இருக்கிற நேரம் ஒன்று உண்டு. இருபது டிகிரி அறையில் அது ஊற்றிய பத்துப் பதினைந்து நிமிடத்தில் வரும். அப்போது வெள்ளையை ஊற்றிப் பரப்ப வேண்டும். ஆகவே டார்க்கை ஊற்றிய கையோடு வெள்ளையை உருக்கத் தொடங்கிவிடுங்கள். வெள்ளை சூடாக இருந்தால் கீழடுக்கைக் கரைத்துக் கலங்கிவிடும். 29 டிகிரி என்று சொன்னது இதற்காகவும்தான்.

கேண்டி கேன் நொறுக்குவது பிள்ளைகளின் பங்கு. ஜிப் பையில் போட்டு, துணியால் மூடி, சப்பாத்திக் கட்டையால் தட்டச் சொல்லுங்கள். பட்டாணி அளவிலும் அதில் பாதியாகவும் கலந்து இருக்கலாம். பிறகு சல்லடையில் இட்டுத் தூளைப் பிரித்துவிடுங்கள். தூள் மேலே விழுந்தால் வெள்ளை அடுக்கு அழுக்கு ரோஜா நிறமாகி ஈரம் கோத்துக்கொள்ளும். தூளை வீணாக்க வேண்டாம், சூடான பாலில் போட்டுப் பிள்ளைகள் குடிக்கட்டும். வெள்ளை ஈரமாக இருக்கும்போதே துண்டுகளைத் தூவி உள்ளங்கையால் இலேசாக அமுக்க வேண்டும்.

ஏன் ஈரம் கோக்கிறது என்றால், கேண்டி கேன் சர்க்கரைப் பாகையும் சோளப் பாகையும் 150 டிகிரி வரை காய்ச்சி, நீரை ஏறக்குறைய முழுக்க ஓட்டி இறுக்கியது. படிகமே இல்லாத சர்க்கரைக் கண்ணாடி அது. காற்றில் ஈரம் கண்டால் இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். அதனால்தான் செய்த பார்க்கைக் குளிர்பெட்டியில் வைக்கக்கூடாது. வெளியே எடுத்ததும் அதன்மேல் பனிநீர் கோத்துக்கொள்ளும்; சிவப்புச் சாயம் வழியும். (இந்த மிட்டாயின் வளைவைப் பற்றி ஜெர்மானியத் தேவாலயக் கதை ஒன்றும், ஏசுவின் பெயர் முதலெழுத்து என்ற கதை ஒன்றும் பிள்ளைகள் கேட்டு வந்து சொல்வார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. ஆதாரமுள்ள கதையே சுவையானது: ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரில் 1919இல் தொடங்கிய பாப்ஸ் நிறுவனத்தில் நெடுங்காலம் ஆட்களே கையால் வளைத்துக்கொண்டிருந்தார்கள், நிறுவனரின் மைத்துனரான கிரிகரி கெல்லர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார்தான் 1950களில் அதற்கு இயந்திரம் செய்துகொடுத்தார்.)

மிட்டாய் வாங்கும்போது சாயத்தைப் பாருங்கள். ரெட் 3 என்ற சாயத்துக்கான அனுமதியை உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் ரத்து செய்தது. நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம் இருப்பதால் பழைய சரக்கு இன்னும் கடையில் இருக்கலாம். இயற்கைச் சாயம் என்றிருந்தால் அது கார்மைனா என்று பார்த்துவிடுங்கள். அது பூச்சியிலிருந்து எடுப்பது, சைவக் குடும்பங்களுக்கு ஆகாது. பீட்ரூட், முள்ளங்கிச் சாறு சேர்த்தவை கிடைக்கின்றன.

இறுகியதும் ஒரு மணி நேரமாவது அப்படியே விட்டுவிட்டு, பிறகு தாளோடு தூக்கிக் கையால் உடையுங்கள். ஒரே அளவாக வரவேண்டுமென்று மெனக்கெட வேண்டாம். காற்றுப் புகாத டின்னில், அடுக்குக்கு நடுவே பார்ச்மென்ட் தாள் வைத்து, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் இரண்டு மூன்று வாரம் தாராளமாக இருக்கும். முறுக்கையும் பார்க்கையும் ஒரே டப்பாவில் வைத்து அனுப்பாதீர்கள். புதினா வாசனை தாவும். மறுநாள் முறுக்கும் பெப்பர்மின்ட் மணக்கும். இரண்டும் கொடுக்க விரும்புகிறவர்கள் இரண்டு பொட்டலமாகக் கொடுங்கள். முறுக்கு மட்டும் கொடுத்தால் என்ன என்று கேட்டவர்களுக்கு என் பதில்: தாராளமாகக் கொடுங்கள். ஆனால் இந்த ஊர்ப் பண்டத்தைச் செய்து கொடுப்பதென்று கிளம்பினால், இந்த ஊர்க்காரர் வாயில் போட்டதும் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி செய்வோம். நம் தீபாவளிக்கு அவர்களில் ஒருவர் வீட்டில் அதிரசம் சுட்டுக்கொண்டு வந்தால், வெல்லத்தில் சுட்டதாக இருக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்?

பொட்டலத்தின்மேல் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி ஒட்டுவது கட்டாயம். பால், சோயா லெசித்தின் இரண்டும் இருக்கும். டார்க் சாக்லேட்டில் பால் சேர்க்கவில்லை என்றிருந்தாலும் ஒரே இயந்திரத்தில் ஓடுவதால் பாலின் சுவடு இருக்கக்கூடும். நிலக்கடலை, பாதாம் ஆகியவற்றுக்கும் இப்படியே. பையில் உள்ள எச்சரிக்கை வரியை அப்படியே பார்த்து எழுதிவிடுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கும் வகுப்பென்றால் ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. எண்ணெயையும் தெர்மாமீட்டரையும் நன்றி நவிலல் விடுமுறைக்குள் வாங்கிவிடுவோம். இரண்டு வீட்டுக்கு ஒரு புட்டி போதும், சொட்டுக் கணக்கில்தானே செலவாகப் போகிறது. குளிர்கால விடுமுறைக்கு முன் பள்ளி நடக்கும் கடைசி வாரத்துக்கு முந்தைய வார இறுதியில் செய்தால் திங்களன்று பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பலாம். பதம் பார்க்கப் பயப்படுகிறவர்கள் சனிக்கிழமை மதியம் என் வீட்டுக்கு வாருங்கள். ஒரு ட்ரே முழுவதையும் உங்கள் கையாலேயே ஊற்ற வைக்கிறேன். மறுநாள் உங்கள் வீட்டில் நீங்களே செய்துவிடுவீர்கள். வெள்ளைச் சாக்லேட் வாங்கக் கடைக்குப் போனால், சந்தேகம் வந்தால், பையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். அங்கே நிற்கும்போதே பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்களோடு சேர்ந்து செய்யவிருக்கும் ஒரு தாய்